வெள்ளை, மஞ்சள், பச்சை

போன மாசம் ஆபீஸ்ல எனக்கு ஒரு புது ஆணி. அரசாங்க ப்ராஜெக்ட் ஒன்றுக்குப் புதுசா எடுத்த எட்டுப் பேருக்கு ரெண்டே நாளில் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் ப்ரோக்ராமிங் சொல்லிக் கொடுக்கணும். "உனக்குத்தான் கதை சொல்ல வருமே"ன்னு டமேஜர் என் தலையில் கட்டிட்டார்.

சரின்னு ஸ்லைடு தயார் பண்ண உட்கார்ந்தால், கை தானாகவே 'அனிமல்' என்று ஒரு க்ளாஸ் எழுதுது. அதுக்குக் கீழே 'டாக்', 'கேட்'. நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும், இதுதான் பாலிமார்பிசம். நம்ம எல்லாருக்கும் காலேஜ்ல இப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க? நானும் இதையே எழுதி பரிட்சையில் பதினாறு மார்க் வாங்கினவன்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தாலுக்கா ஆபீஸ்ல, சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல, துறைமுகத்துல எங்கேயாவது குரைக்கிற ஆப்ஜெக்ட் பார்த்திருக்கீங்களா? (கூடாதுங்க, அந்த ஜோக் வேண்டாம்.)

ஸ்லைடை அப்படியே மூடி வெச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரி அப்பாவோட பழைய பைல்களைக் கிளறப் போய், அங்கே ஆரம்பிச்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி, நிறைய வரலாறு. நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு ராயபுரம். அம்மா பக்கம் எல்லாரும் காசிமேட்டில் கடலுக்குப் போறவங்க. அப்பா மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு, மண்ணடியில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட்கிட்ட கிளார்க்கா சேர்ந்துட்டார். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்கும் மண்ணடிக்கும் நடையா நடந்தே முப்பது வருஷத்தைக் கழிச்ச மனுஷன். அவர் கையில் எப்பவும் மூணு கலர் பேப்பர் இருக்கும். வெள்ளை, மஞ்சள், பச்சை. சின்ன வயசில் எனக்கு அதெல்லாம் ராக்கெட் செய்ய உதவின பேப்பர். மஞ்சள்தான் நல்லா பறக்கும்.

அந்த மூணும் 'பில் ஆஃப் என்ட்ரி' என்று பின்னாடிதான் தெரிஞ்சுது. 1962ஆம் வருஷ சுங்கச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்குமதி பண்றவர் கொடுக்க வேண்டிய படிவம். வந்த சரக்கை அப்பவே வரி கட்டி எடுத்துக்கிட்டுப் போறீங்களா, வெள்ளை. இப்போ கையில் காசில்லை, அல்லது சரக்கு உடனே தேவையில்லை, பாண்டட் கிடங்கில் போட்டு வைக்கிறீங்களா, மஞ்சள். அப்புறம் கிடங்கிலிருந்து மொத்தமாவோ கொஞ்சம் கொஞ்சமாவோ வெளியே எடுக்கறீங்களா, பச்சை. கட்டங்கள் பெரும்பாலும் ஒண்ணுதான். இறக்குமதியாளர் யாரு, கப்பல் எது, சரக்கு என்ன, எத்தனை பெட்டி, விலை என்ன. சில கட்டம் மட்டும் மாறும்.

பைலில் அந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஙே!

இதானய்யா இன்ஹெரிட்டன்ஸ். 'பில் ஆஃப் என்ட்ரி' ஒரு க்ளாஸ், வெள்ளை மஞ்சள் பச்சை மூணும் அதோட சப்-க்ளாஸ். அதோட முடியலை. "இந்தச் சரக்குக்கு வரி எவ்வளவு?" என்று மூணு பேப்பர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்க. வெள்ளை, தன்னைத் தாக்கல் பண்ணின நாளில் (கப்பலுக்கு உள்ளே வர அனுமதி கிடைச்சது அதுக்கு அப்புறம்னா அந்த நாளில்) என்ன விகிதமோ அதைச் சொல்லும். மஞ்சள், "இப்போதைக்கு ஒண்ணும் கட்ட வேணாம், பாண்டு எழுதிக் கொடு" என்னும். பச்சையோ, சரக்கின் மதிப்பை மஞ்சளிலிருந்து எடுத்துக்கும், விகிதத்தை மட்டும் தன்னைத் தாக்கல் பண்ணின நாளிலிருந்து எடுக்கும். ஒரே கேள்வி, மூணு பதில். கேட்கிறவனுக்கு உள்ளே என்ன கணக்கு நடக்குதுன்னு தெரிய வேண்டியதே இல்லை. காலேஜ்ல நாலு வருஷம் நாய் குரைச்சுப் புரியாதது இந்தப் பேப்பரில் நாலு நிமிஷத்தில் புரிஞ்சுது.

அப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "இத்த கத்துக்கத்தான் அவ்ளோ பீஸ் கட்னனாடா?" என்றார். பதில் பேசலை நான்.

நிற்க. இந்தப் பேப்பர் எப்படிக் கம்ப்யூட்டருக்குள்ள போச்சு?

இந்தியாவில் அரசாங்க மென்பொருள் என்றாலே முதலில் சொல்ல வேண்டிய பேர் என்.ஐ.சி. 1976ல் ஆரம்பிச்சது. 80களில் மாவட்டத் தலைநகர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரும் செயற்கைக்கோள் வழி இணைப்பும் கொண்டுபோனவங்க. அந்தக் காலத்துல அரசு ஆபீஸ் மென்பொருள் என்றால் கோபால், டிபேஸ், பாக்ஸ்ப்ரோ. ஒரு ரெஜிஸ்டர் இருக்கா, அதை அப்படியே ஒரு டேபிளாப் போடு. ரெஜிஸ்டரில் பன்னிரண்டு காலமா, டேபிளிலும் பன்னிரண்டு காலம். கணக்கெல்லாம் தனியாக நூறு ப்ரோக்ராமில் சிதறிக் கிடக்கும். தப்புன்னு சொல்ல வரலை. கைக்குக் கிடைச்ச கருவியை வெச்சுத்தானே வேலை செய்ய முடியும். அந்தக் கருவியில் இவ்வளவு பெரிய நாட்டுக்கு வேலை நடந்ததே பெரிய விஷயம்.

சுங்கத்துறைக்கு ஐ.சி.இ.எஸ். என்ற அமைப்பை என்.ஐ.சி. உருவாக்கினது 90களில். ஆரம்பத்தில் ஒவ்வொரு கஸ்டம் ஹவுஸிலும் தனித்தனி சர்வர், பின்னாடி 1.5 பதிப்பில்தான் எல்லாம் ஒரே மையத்துக்குப் போச்சு. அப்பா அதுக்கப்புறம் பேப்பரைக் கவுன்ட்டரில் நீட்டுறதுக்குப் பதிலா சர்வீஸ் சென்டரில் கொடுக்க ஆரம்பிச்சார். அங்கே டைப் பண்ணி, செக்லிஸ்ட் என்று ஒரு தாளை அச்சடிச்சுக் கொடுப்பாங்க. அதைச் சரிபார்த்துத் திருத்தினால்தான் உள்ளே போகும், பில் நம்பர் விழும். "மெஷின் வந்தப்புறம் கலரு போச்சுடா. எல்லாம் ஒரே வெள்ளை தாளு. எது மஞ்சள்னு படிச்சாத்தான் தெரியும்" என்பது அப்பாவோட நிரந்தரப் புகார்.

இதுல எங்கே ஆப்ஜெக்ட் ஓரியண்டட் வருதுன்னு கேட்கறீங்களா? அரசாங்க மென்பொருளின் பெரிய தலைவலி படிவம் இல்லை, விதி மாறுவது. 2017 ஜூன் 30 வரைக்கும் இறக்குமதிக்கு அடிப்படை சுங்க வரிக்கு மேலே சி.வி.டி., அதுக்கு மேலே 4 சதவீதம் எஸ்.ஏ.டி. மறுநாள் ஜூலை 1 காலையில் பெரும்பாலான சரக்குக்கு ரெண்டும் காலி, ஐ.ஜி.எஸ்.டி. வந்தாச்சு. ஏழே மாசம். 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதி மேலிருந்த கல்வி செஸ் ரெண்டும் எடுக்கப்பட்டு, சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் 10 சதவீதம் வந்தது. இதுல பழைய பில்களுக்குப் பழைய கணக்கே இருக்கணும், அதை யாரும் தொடக்கூடாது. வரிக்கணக்கு நூறு இடத்தில் சிதறிக் கிடந்தால் அன்னிக்கு ராத்திரி பொட்டி தட்டுறவன் கதி என்ன? அவ்வ்வ்வ்தான். கணக்கை ஒரு க்ளாஸுக்குள் மூடி வெச்சிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். என்காப்சுலேஷன் என்று பயமுறுத்துற பேர் வெச்சிருக்காங்க. விஷயம் இவ்வளவுதான்.

இப்போ இந்த 'க்ளாஸ்' என்ற யோசனை முதலில் யாருக்கு வந்ததுன்னு தேடினால், அங்கேதான் எனக்கு அடுத்த ஆச்சரியம். கலிபோர்னியா இல்லை. பெரிய கம்பெனியும் இல்லை. நார்வே, ஆஸ்லோ, அரசு ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இருந்த நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டர். ரெண்டு பேர். கிறிஸ்டன் நைகார்ட் (பிறந்தது 1926), ஓலே-யோஹன் டால் (1931).

நைகார்ட் ஆரம்பத்தில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். 1940களின் கடைசியில் நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போட்டவங்களில் ஒருத்தர். அதிலிருந்து ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது ஒரு வேலை எப்படி நடக்குது, எங்கே வரிசை நிக்குது, எங்கே அடைச்சுக்குது என்று கணக்குப் போடுற துறைக்குப் போனார். 1960ல் கம்ப்யூட்டிங் சென்டருக்கு வந்தார். இப்படிப்பட்ட அமைப்புகளைக் கம்ப்யூட்டரில் விவரிக்க ஒரு மொழி வேணும் என்பது அவர் கனவு. அதை நிஜமாக்கத் தெரிஞ்ச ஆள் டால். 1962ல் யுனிவாக் கம்பெனியோட ஒரு டீல் போட்டாங்க. யுனிவாக் 1107 கம்ப்யூட்டரைப் பெரிய தள்ளுபடியில் கொடு, நாங்க உனக்கு இந்த மொழியை எழுதித் தர்றோம். சிமுலா பிறந்தது இப்படித்தான். 1964 முடியும்போது முதல் சிமுலாவின் கம்பைலர் தயார்.

இதுல ஒரு இடம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. ஆரம்ப டிசைனில் அவங்க உலகத்தை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒண்ணு ஸ்டேஷன், அதாவது கவுன்ட்டர். இன்னொண்ணு கஸ்டமர். கவுன்ட்டர்தான் வேலை செய்யும். கஸ்டமர் சும்மா வரிசையில் நிப்பான், கவுன்ட்டர் அவனை எடுத்து, வேலையை முடிச்சு, அடுத்த கவுன்ட்டருக்குத் தள்ளும். விமான நிலையத்தில் பயணி கிளம்புறதை இப்படி விவரிக்கலாம். போகப்போகத்தான் தெரிஞ்சுது, சில அமைப்பை இதைத் தலைகீழாப் போட்டால்தான் சரியா விவரிக்க முடியும். கஸ்டமர்தான் நகர்றவன், அவனுக்கு ஒரு வரலாறு இருக்கு, ஒரு இடத்தில் ஆரம்பிச்சு ஒரு இடத்தில் முடியும். கவுன்ட்டர்தான் வழியில் வந்து போகுது. உடனே ரெண்டு பேதத்தையும் தூக்கிப் போட்டு எல்லாத்தையும் 'ப்ராசஸ்' என்று ஆக்கினாங்க. ஒவ்வொண்ணுக்கும் தன் தகவல், தன் செயல், தன் வாழ்க்கைக் கதை.

நம்ம ஊர் அரசாங்க ஆபீஸ்ல நின்னவங்களுக்கு இதைத் தனியா விளக்கணுமா? கவுன்ட்டர் கோணத்தில் எழுதின மென்பொருளுக்கு நாம ஒரு டோக்கன் நம்பர். நம்ம கோணத்தில் எழுதினால், அதே மனு ஆறு மாசமா எந்த மேஜையில் தூங்குதுன்னு அதுவே சொல்லும்.

அடுத்த படி இன்ஹெரிட்டன்ஸ். 1966 கடைசியில் அவங்க முன்னாடி இருந்த உதாரணம் என்ன தெரியுமா? ஒரு பாலம், அதுல டோல்கேட், வரிசையில் வண்டிகள். சிலது லாரி, சிலது பஸ். வரிசையில் நிக்கிற குணம் எல்லாத்துக்கும் பொது, மத்தது வேற. அந்தப் பொதுவை ஒரே தடவை எழுத முடியாதா? டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ்காரர் 'ரெக்கார்ட் க்ளாஸ்' பற்றி எழுதியிருந்ததும் அப்போ அவங்க கையில் இருந்தது. ரெண்டையும் சேர்த்து உருட்டினதில் வந்ததுதான் க்ளாஸும் சப்-க்ளாஸும். 1967 மே மாசம் ஆஸ்லோவில் நடந்த ஒரு மாநாட்டில் உலகத்துக்குச் சொன்னாங்க. அதுதான் சிமுலா 67.

அந்த வருஷம் நடந்ததா அவங்களே எழுதி வெச்ச ஒரு சம்பவம் செம. புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் பதறிப்போய் டெலிபோன் ஆபரேட்டர்கிட்ட வந்து, மாடியில் போர்டு முன்னாடி ரெண்டு பேர் பயங்கரமா அடிச்சுக்கிறாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கார். அந்தம்மா வெளியே வந்து காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, ஒண்ணுமில்லை, டாலும் நைகார்டும் சிமுலா பத்திப் பேசிக்கிறாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். நம்ம ஊர் டிசைன் ரிவ்யூ மீட்டிங்குகளில் எல்லாரும் தலையாட்டுறதை நினைச்சுக்கிட்டேன்.

இதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதை, வேகமாச் சொல்லிடறேன். அமெரிக்காவில் யூட்டா பல்கலையில் மாணவரா இருந்த ஆலன் கே 1966ல் சிமுலாவைப் பார்த்தார், 70களில் ஸெராக்ஸில் ஸ்மால்டாக் வந்தது. 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற பேரே அவர் வெச்சதுதான். கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பழகின ஸ்ட்ராஸ்ட்ரப், பெல் லேப்ஸுக்குப் போய் 1979ல் சி மொழிக்குள் க்ளாஸை ஒட்ட வைக்க ஆரம்பிச்சார், அது 1983ல் சி ப்ளஸ் ப்ளஸ் ஆச்சு. 1995ல் ஜாவா. அங்கிருந்து நம்ம காலேஜ் சிலபஸ், அங்கிருந்து கேம்பஸ் இன்டர்வியூ. நடுவில் எங்கேயோ டோல்கேட்டும் வரிசையும் காணாமப் போய், நாயும் பூனையும் உள்ளே வந்துடுச்சு.

ஆனா நைகார்ட் கதை அங்கே முடியலை. எனக்கு அந்த ஆளைப் பிடிச்சதே இதுக்கப்புறம்தான்.

சிமுலாவை வெச்சுத் தொழிற்சாலைகளில் வேலை எப்படி நடக்குதுன்னு விவரிக்க ஆரம்பிச்சதும் அவருக்கு உறுத்தல் வந்துடுச்சு. விவரிக்கிறவன் முதலாளி பக்கத்து ஆள். விவரிக்கப்படுறவன் தொழிலாளி. அந்த விவரணையை வெச்சு நாளைக்கு வேலையை மாற்றி அமைச்சால் அவன் கதி? மனுஷன் நேரா தொழிற்சங்கத்துக்குப் போனார். 1971லிருந்து நார்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் அமைப்பு என்றால் என்ன, அது உங்க வேலையை என்ன செய்யும், அதுல நீங்க என்ன கேட்கணும் என்று தொழிலாளிகளே படிச்சு, விவாதிச்சு, கோரிக்கை எழுதுற மாதிரி. அதோட தொடர்ச்சியா 1975ல் நார்வேயில் தேசிய அளவில் தொழிற்சங்க, முதலாளிகள் கூட்டமைப்புகளுக்கு இடையே கம்ப்யூட்டர் பற்றி ஒரு ஒப்பந்தமே வந்தது. புது அமைப்பு கொண்டுவந்தால் தொழிலாளிகளுக்குப் புரியுற மொழியில் முன்கூட்டியே சொல்லணும். 1918லேயே சென்னை தொழிலாளர் சங்கம் கண்ட பெரம்பூருக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் படிச்சதும் நைகார்டை நம்ம ஏரியாக்காரர்னு தோணிச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து 2001க்கான ட்யூரிங் விருது கிடைச்சது. 2002ல் ஜூனில் டால், ஆகஸ்டில் நைகார்ட், ஆறு வார இடைவெளியில் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாங்க.

நம்ம பக்கம் இப்படி ஏதாவது நடந்ததா? நடந்தது. திருவாரூர். 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே கலெக்டரா இருந்த உமாசங்கர் தாலுக்கா ஆபீஸ் வேலைகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினப்போ, வருவாய்த்துறை ஊழியர்களிலேயே சிலரைப் பொறுக்கியெடுத்து ப்ரோக்ராமிங் சொல்லிக் கொடுத்தார். பட்டா என்றால் என்ன, முதியோர் பென்ஷன் எங்கே அடைச்சுக்கும் என்பதெல்லாம் தெரிஞ்சவன் கையில் கீபோர்டு. அவர் பின்னாடி எல்காட் தலைமையில் இருந்தப்போ 2007 வாக்கில் லினக்ஸுக்கு மாறினதைப் பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க. எனக்கு என்னவோ திருவாரூர்தான் பெரிய விஷயமாப் படுது. மொழியை நாலு மாசத்தில் கத்துக்கலாம். கவுன்ட்டருக்குப் பின்னாடி உட்கார்ந்த பத்து வருஷத்தை எந்த இன்ஸ்டிட்யூட்டில் கத்துக்கிறது?

இதை இவ்வளவு உறுதியாச் சொல்றதுக்குக் காரணம், நான் பண்ணின ஒரு தப்பு.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஒரு துறைக்கு உதவித்தொகை மனுக்களைப் பதியுற மென்பொருள். எந்தத் துறை, எந்தக் கம்பெனி என்றெல்லாம் பின்னூட்டத்தில் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். டிசைன் என்னுது. 'மனுதாரர்' ஒரு க்ளாஸ். அதுக்குக் கீழே 'திருமணமானவர்', 'கைம்பெண்', 'மாற்றுத்திறனாளி' என்று வரிசையா சப்-க்ளாஸ். படிவத்தில் இருந்த பிரிவுகளை அப்படியே எடுத்துப் போட்டேன். அழகா வந்திருந்தது. டமேஜரே பாராட்டினார்.

மூணு மாசம் கழிச்சு ஒரு கிளார்க் போன் பண்ணினாங்க. ஒரு அம்மா ஏற்கனவே மனு போட்டு வரிசையில் இருக்காங்க, நடுவில் அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார், பிரிவை எப்படி மாற்றுறது? மாற்ற முடியாது. ஒரு ஆப்ஜெக்ட் பிறந்த க்ளாஸை நடுவில் மாற்றிக்க ஜாவாவில் வழியில்லை. பழைய மனுவை ரத்து பண்ணிட்டுப் புதுசாப் போடச் சொன்னேன். புது மனு, புது நம்பர், புது தேதி. வரிசையின் கடைசிக்குப் போயிட்டாங்க. "அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது சார்?" என்று அந்த கிளார்க் கேட்டாங்க. 'சிஸ்டம் அப்படித்தான் மேடம்' என்றேன். அந்த சிஸ்டத்தை எழுதினதே நான்தான்னு சொல்லலை.

தப்பு எங்கேன்னு எனக்கு அப்பவும் புரியலை. புரிய வெச்சது எங்க மாமா.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் வந்தவங்க 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தாங்க, ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் நாடு முழுக்க மீன்பிடிப் படகுகளை ஒரே மாதிரிப் பதிவு பண்ணணும்னு வந்தது, அதுக்கு 'ரியல்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் மென்பொருளை என்.ஐ.சி. எழுதினாங்க. செய்திகளில் இலங்கைக் கடற்படை பிடிச்ச ராமேஸ்வரம் படகுகளோட நம்பரைப் பார்த்திருப்பீங்க. ஐ.என்.டி., டி.என்., 10, எம்.எம்., அப்புறம் வரிசை எண். நாடு, மாநிலம், மாவட்டம். எம்.எம். என்றால் விசைப்படகு, எம்.ஓ. என்றால் மோட்டார் பொருத்தின நாட்டுப்படகு. காசிமேட்டில் சும்மா நடந்தாலே நூறு நம்பர் கண்ணில் படும்.

ஒரு ஞாயித்துக்கிழமை வார்ஃப்ல மாமாகிட்ட உட்கார்ந்து, நோட்டில் இதையே க்ளாஸாப் போட்டுக் காட்டிட்டிருந்தேன். சும்மா பந்தா. மேலே 'படகு'. கீழே 'விசைப்படகு', 'மோட்டார் படகு', 'மோட்டார் இல்லாத படகு'. மாமா வலையிலிருந்து கண்ணை எடுக்காமயே கேட்டார்.

"இன்னா மருமவனே, எம் பைபர் போட்டு இதுல எங்க கீது?"

"இதோ மாமா, மோட்டார் படகு."

"ராவுல இன்ஜினைக் கயட்டி வூட்டாண்ட வெச்சிர்றனே. அப்போ?"

அப்போவும் அது அதே படகுதான். இன்ஜின் அதோட சொத்து, அதோட ஜாதி இல்லை. 1994ல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புஸ்தகத்தில் நாலு பேர் சேர்ந்து சொன்னது இதைத்தான், பரம்பரையா வாங்குறதை விடப் பக்கத்துல சேர்த்து வெச்சுக்கிறது நல்லது. பரிட்சைக்குப் படிச்சிருக்கேன், எழுதியிருக்கேன், மார்க்கும் வாங்கியிருக்கேன். அந்த வரி எனக்கு நிஜமாப் புரிஞ்சது ஒரு பைபர் போட் முன்னாடிதான். கணவன் இறந்துபோனது அந்த அம்மாவோட வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம். அதுக்குத் தேதி உண்டு. நான் அதை அவங்களோட வகையா எழுதி வெச்சிருந்தேன். நைகார்டும் டாலும் ஆப்ஜெக்டுக்கு ஒரு வாழ்க்கைக் கதை கொடுத்தாங்க. நான் படிவத்தைப் பார்த்து அந்தக் கதையை அழிச்சுட்டு ஒரு முத்திரையைக் குத்தியிருக்கேன்.

அடுத்த வாரம் டிசைனை மாற்றினேன். 'மனுதாரர்' ஒரே க்ளாஸ், அவங்களுக்குள்ள 'நிலை' என்று ஒரு பட்டியல், எந்தத் தேதியிலிருந்து எந்த நிலை என்று. மனுவின் நம்பரும் முதல் தேதியும் எப்பவும் மாறாது. ரத்தாகிப் புதுசாப் போட்ட மனுக்களைத் தேடி எடுத்துப் பழைய தேதியோட சேர்க்க ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன், ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து. அதுல அந்த அம்மாவோடதும் இருந்தது. அவங்களுக்குப் பணம் எப்போ வந்ததுன்னு அந்த கிளார்க்கிடம் கேட்க எனக்கு இன்னிக்கும் தைரியம் வரலை.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஸ்லைடு எதுவும் காட்டலை. அப்பா பைலிலிருந்து மூணு கலர் பேப்பரையும் ஜெராக்ஸ் எடுத்து (கலர் தாளில்தான்!) ஆளுக்கு ஒரு செட் கொடுத்தேன். பொது கட்டங்களைக் கண்டுபிடிங்க, மாறுற கட்டங்களைக் கண்டுபிடிங்க, வரிக் கேள்வியை மூணுகிட்டயும் கேளுங்க. மதியத்துக்குள்ள எட்டுப் பேரும் கோடு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் மாமாவோட போட்டு.

சாயங்காலம் எண்ணூரிலிருந்து வர்ற ஒரு பொண்ணு எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "சார், போட்டுல இன்ஜின் மாறினா அதே போட்டுன்னு சொன்னீங்க. அப்போ கிடங்குல இருந்து சரக்கு வெளியே வரும்போது மஞ்சள் பச்சையா மாறுதே, அது மட்டும் எப்படி சப்-க்ளாஸ் ஆகும்? உங்க தப்பையே இங்கேயும் பண்றீங்களா?"

எட்டுப் பேர் முன்னாடி ஒரு நிமிஷம் முழிச்சேன். நாளைக்குச் சொல்றேன்னு தப்பிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். டிவியை நிறுத்திட்டு அவர் சொன்னார்: "மஞ்சள் எங்கடா பச்சையா மாறுது? மஞ்சள் பைல்ல அப்படியே இருக்கும். பச்சை புதுசு, அதுக்குத் தனி நம்பர், தனி தேதி. ஆனா அதுல மஞ்ச நம்பர எழுதணும். நூறு பெட்டி உள்ள போச்சுன்னா பத்து பத்தா பத்து பச்சை போடுவோம், பத்துலயும் அதே மஞ்ச நம்பர்தான். அது இல்லாம கவுன்ட்டர்ல வாங்கவே மாட்டான்."